ஞாயிற்றுக்கிழமை மழை

இன்று காலை ஆபீஸ் அலமாரியில் பழைய வரைபடம் ஒன்றைத் தேடும்போது அடித்தட்டிலிருந்து புகையிலை வாடை வந்தது. உன் கம்பூட்ஸ், மழைக்குப் போடும் ரப்பர் பூட்ஸ். காலில் அட்டைப்பூச்சி ஏறாமலிருக்க விளிம்பில் புகையிலையைத் தேய்த்து வைப்பாயே, அது இன்னும் போகவில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகு எழுந்துபோய், பல நாளாகத் தள்ளிப்போட்ட ஒரு வேலையை முடித்தேன். அதைச் சொல்லத்தான் உனக்கு எழுதுகிறேன்.

நம் வெள்ள முன்னறிவிப்புக் கட்டுரை அச்சுக்குப் போகிறது. நீ கடைசியாக அளந்து சொன்ன மழையளவை அதில் வைத்துக்கொள்வதா, எடுத்துவிடுவதா என்பதுதான் சண்டை.

நான் மீனாட்சிபுரத்துக்காரி. வானத்தை அண்ணாந்து பார்த்தே கழுத்து வலித்த குடும்பம். நீ சின்னக்கானல் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். "ஒங்க ஊரு மழைய அளக்க ஒரு ஸ்பூன் போதும்ட்டி" என்று முதல் நாளே வம்புக்கு இழுத்தாய். தோட்டத்தில் எழுதிவைத்த மழைக்கணக்கைக் கொண்டு, ஆறு எப்போது பெருகும் என்று கணினிக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். அது ஏனோ வாரம் தவறாமல் உளறியது. நீ ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாய். "ஞாயித்துக்கிழம எங்க தோட்டத்துல மழைக்கும் லீவுட்டி!"

காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு நேரத்தில்தான் மழைமானியையும் பார்ப்பார்களாம். ஞாயிறு பெரட்டு கிடையாது. அன்றைய மழையும் மறுநாள் மழையோடு சேர்ந்து ஒரே அளவாக ஏறிவிடும். சாரல் நிதானமாக நின்று பெய்த காலத்தில் இதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. இப்போது மழையின் குணமே மாறிவிட்டது. வாரக்கணக்கில் வெயில் காய்கிறது, பிறகு ஒரே மத்தியானத்தில் கொட்டித் தீர்க்கிறது. அந்த மத்தியானம் ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் கணினிக்கு ஒன்றும் தெரியாது.

நீ எல்லாவற்றையும் பிரித்துச் சரிசெய்தாய். தோட்டத்து ஆபீஸ் மேட்டில் தானியங்கி மழைமானி வைக்கச் செய்தாய். கையால் எடுக்கும் அளவுக்கு ஒரு விதியும் போட்டாய். "பெரட்டு நேரத்துக்கு எடுக்காத அளவு கணக்குக்குள்ள வரக்கூடாது. ஒண்ணுக்கு எரக்கப்பட்டா எல்லாத்துக்கும் படணும்." அந்த விதிக்காக என்னோடு எத்தனை முறை மல்லுக்கு நின்றிருப்பாய்!

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போயிருந்தாய். மத்தியானம் போன் செய்தாய், பின்னால் மழை இரைச்சல். "தானியங்கி செத்துப்போச்சு. ஒனக்குப் பூஜ்யம்னு காட்டும், நம்பாத. நான் மேட்டுக்குப் போயி பழைய மானியில பாத்துச் சொல்லுதேன்." மறுபடி கூப்பிட்டுச் சொன்னாய். நான் எண்ணை எழுதிக்கொண்டேன். "வச்சுருட்டி, கை நனையுது" என்றாய்.

அந்த எண்ணைக் கொடுத்ததும் கணினி அலறியது. கட்டுப்பாட்டு அறைக்குச் சொன்னேன், ஆற்றோரத்துச் சனங்களை மேடேற்றினார்கள். பொழுது சாய்வதற்குள் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது, உள்ளே யாரும் இல்லை. சந்தோஷமாக உன்னைக் கூப்பிட்டேன். மணியே அடிக்கவில்லை. நீ நின்ற ஆபீஸ் மேடு முழுதாகச் சரிந்து இறங்கியிருந்தது. நாம் ஆற்றுக்குத்தான் கணக்குப் போட்டோம், மலைக்குப் போடவில்லை.

உன் அளவோடு கணக்குப் போட்டால் கணினி அன்றைய வெள்ளத்தை அச்சடித்தாற்போலச் சொல்கிறது. அது இல்லாவிட்டால், ஆறு அமைதியாக ஓடும் என்கிறது. கட்டுரையில் நம் குழுவினர் தானியங்கி வழியாக முன்கூட்டியே கண்டறிந்ததாக எழுதியிருந்தார்கள். செத்துப்போன கருவியின் இடத்தில் உன்னை நிறுத்திவிட்டு, கருவி பார்த்தது என்கிறார்கள்.

நம் தலைவரிடம் போனேன். கல்பாத்திக்காரர், கெட்டவர் இல்லை. "அவளோட அளவுதானே, இருந்துட்டுப் போறது. எடுத்துட்டா ஆருக்கு என்ன பிரயோஜனம், சொல்லு?" என்றார்.

"இருக்கறதுன்னா அவ பேரோட இருக்கோணுங்க சார். மிஷின் பாத்துச்சுன்னு எழுதுனா அதுல என்ற பேரு வேண்டாமுங்க."

"பேரெல்லாம் அட்டவணையிலே வராதும்மா" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

இன்று உன் அளவை அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். பெரட்டு நேரத்துக்கு எடுக்காத அளவு, நீ போட்ட விதி. அந்த வரியில் இப்போது பூஜ்யம் நிற்கிறது. கீழே ஒரு வாக்கியம் சேர்த்தேன்: "அன்று எங்கள் கணினி வெள்ளத்தை அறியவில்லை, மேட்டில் நின்று ஒருவர் அறிந்து சொன்னார்." தலைவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அச்சாகுமோ என்னவோ. அழித்தது நான்தான் என்றாலும் அந்த எண் எனக்கு மனப்பாடம், தூங்கி எழுந்தாலும் வாயில் வருகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் திரை உங்கள் தோட்டத்துக்குப் பூஜ்யம் காட்டினால் எனக்குப் பொறுப்பதில்லை. உன் அம்மாவுக்குப் போன் செய்து, அங்கே மழை பெய்யுதுங்களா என்று கேட்கிறேன். போன வாரமும் கேட்டேன்.

"பெய்யுது தாயி" என்றார். கூடவே, "நீ அளக்கேன்னு மேல வந்துராத" என்றார்.