உன் முழங்காலும் வேகப் பொத்தானும்

மச்சான்,

உன் காரியமெல்லாம் முடிந்து உன் பெண்டாட்டி ஆக்லாந்திலிருந்து அனுப்பிய பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன். உள்ளே நம் லாரி கேம் இருந்த பிளாப்பி டிஸ்க். முகர்ந்து பார்த்தால், நாம் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர்ப்பொடியின் வாடை. உன்னைத் தவிர எவன் யங்கோனா பொட்டலத்தோடு பிளாப்பியைப் போட்டு வைப்பான்!

என் மகள் அதை எங்கோ கொடுத்துப் படிக்க வைத்து, பழைய கம்ப்யூட்டர் போலவே நடிக்கும் எமுலேட்டர் ஒன்றையும் லேப்டாப்பில் போட்டுத் தந்தாள். நான் உட்கார்ந்தது விளையாட அல்ல. உன்னைக் கையும் களவுமாகப் பிடிக்க.

நம் தீவில், லௌட்டோகா லாரி ஆபீஸில் நாம் இருவரும் கிளார்க். ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு எல்லோர் வாயிலும் விசா பேச்சுத்தான். முதலாளியின் தம்பி ஆக்லாந்து வேலைக்கு ஒரே ஒரு ஆளைக் கேட்டார். "நீங்களே பேசிக்கிங்க" என்று முதலாளி கழன்றுகொண்டார். நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். கடைசியில் நீதான் சொன்னாய்: "அரே மச்சான், சண்டை வேணாம். லாரி கேம் ஆடலாம். ரொம்ப தூரம் ஓட்டுறவன் பிளேன் ஏறட்டும்."

முதலில் நான். மூன்றாம் வளைவில் லாரி ஆற்றுக்குள். அடுத்து நீ, பாலம் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாய். ஆனால் என் முறையில் உன் முழங்கால் கம்ப்யூட்டர் பெட்டியில் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அங்கேதான் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பொத்தான். எனக்கு மட்டும் வேகத்தை ஏற்றிவிட்டாய் என்று அன்றே முடிவு கட்டினேன். "பாத்து ஓட்டு மச்சான், அவசரம் இல்லே" என்றாயே, அதுவும் நக்கலாகத்தான் பட்டது.

பிளேன் ஏறிய பிறகு நீ போனில் "எப்படி இருக்கே?" என்றால், "உன் தயவிலே" என்பேன். நீ சிரிப்பாய். திருட்டுச் சிரிப்பு என்று நினைத்துக்கொள்வேன். "போன மனுசன விடேன்" என்பாள் என் பெண்டாட்டி. எப்படி விடுவது? லீஸ் முடிந்து ட்ராசாவில் இருந்த எங்கள் கரும்பு நிலம் கைவிட்டுப் போனபோதுகூட உன்னைத்தான் திட்டினேன்.

எமுலேட்டரில் மெமரி அதிகமாக இருந்ததால் கேம் திறக்கவே இல்லை. 640 கே ஆக்கினேன், திறந்தது. ஆனால் நான் விசையைத் தொடும் முன்பே லாரி பறந்து ஆற்றில் விழுந்தது. வேகத்தை நம் பழைய மிஷினின் முழு வேகத்துக்கு இறக்கினேன். இன்ஜின் சத்தம் தடதடவென்று ஒரே மூச்சாக வந்தது. சந்தேகமே இல்லை, நீ ஓட்டியபோது கேட்ட சத்தம் அது. அப்படியானால் பொத்தானுக்கு மிச்சமிருந்தது குறைந்த வேகம்தான்; அதற்கும் இறக்கினேன்.

டொக்... டொக்... டொக்...

அட பாவி, என் முறையில் கேட்ட சத்தம் இதுதான்.

நீ அழுத்தினாய், சரிதான். வேகத்தைக் குறைக்க, எனக்காக அழுத்தியிருக்கிறாய். அந்த மாட்டுவண்டி வேகத்திலும் ஆற்றில் இறக்கியவன் நான். அழுகை வந்துவிட்டது, மச்சான். கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே வேகத்தில் இன்னொரு முறை ஓட்டினேன். அதே மூன்றாம் வளைவு, மறுபடி ஆற்றுக்குள்.

ஆனாலும் ஒன்று கேட்கிறேன். எவ்வளவு மெதுவாக விட்டாலும் இவன் அங்கே விழுவான் என்று உனக்கு முன்பே தெரியுமா? அந்தச் சந்தேகத்தை மட்டும் நான் வைத்துக்கொள்கிறேன். அது இல்லாமல் உன்னை நினைத்து எனக்குப் பழக்கமில்லை.