காரணம்: பழுது

ஜூன் 18
மறுபடியும் 'கண் அசந்துட்டேன்' என்கிறார் என் வீட்டுக்காரர் கலந்தர். கண் அசந்தவர் நாக்கைக் கடித்துக்கொள்வாரா? பக்கத்தில் நான்தானே உட்கார்ந்திருந்தேன். கை விறைத்து, கண் மேலே செருகி... லோடு வண்டி தானாக வாய்க்கால் மேட்டில் ஏறி நின்றது. எதிரே நடவுக்குப் போகும் பெண்கள் வந்துகொண்டிருந்தார்கள். அல்லாஹ்தான் காப்பாற்றினான்.

ஜூன் 20
டாக்டர் ஒரு வருஷம் வண்டியைத் தொடக்கூடாது என்றார். அங்கே நல்ல பிள்ளையாகத் தலையாட்டிவிட்டு, இன்று பட்டுக்கோட்டைக்குத் தேங்காய் ஏற்றப் போய்விட்டார். அவர் திரும்பி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 24
வண்டி என் பெயரில்தான் இருக்கிறது. 'சஃபியா பேருல எடுத்தா ராசி' என்று அவர்தான் வாங்கினார். இன்று அந்த ராசியைப் பயன்படுத்திவிட்டேன். தங்கை வீட்டுக்கு என்று சொல்லிவிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ் போனேன். வண்டி ஓட்டத்தில் இல்லை என்று எழுதிக்கொடுத்து ஆர்.சி. புத்தகத்தை ஒப்படைத்துவிட்டால், அதன் பிறகு ரோட்டில் ஓடக்கூடாது. என் பேச்சுக்குத்தான் மதிப்பில்லை, சர்க்கார் பேச்சுக்காவது இருக்கட்டும்.

வாசலில் மனு எழுதும் துரைராசு, "காரணம் என்னம்மா போடட்டும்?" என்றார். அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"பழுதுன்னு போடுங்கண்ணே."

பழுது உண்மைதானா என்று ஆர்.டி.ஓ. இன்ஸ்பெக்டர் வீட்டுக்கே வந்து வண்டியைப் பார்ப்பாராம்.

ஜூன் 25
அவரிடம் சொல்லிவிட்டேன். "என்னைக் கேக்காமயா?" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

ஜூன் 28
மூன்று நாள் கழித்து இன்றுதான் வாயைத் திறந்தார். "இன்ஸ்பெக்டர் வரட்டும். ஒரே சாவியில ஸ்டார்ட் பண்ணிக் காட்டுறேன். ஆர்.சி. தானா திரும்பி வரும்."

செய்வார். கலந்தர் சொன்னால் செய்கிற ஆள். நான் எழுதிக்கொடுத்ததோ பொய். என்ன பண்ணுவேன் நான்? யார்ட்ட போய்ச் சொல்றது?

ஜூன் 30
தூக்கமில்லை.

ஜூலை 2
வந்தார்கள். சொன்னபடியே இவர் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். வண்டி சமர்த்தாக உறுமியது. சனியன், ஒரு நாளாவது மக்கர் பண்ணக்கூடாதா?

இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பழுதுன்னு எழுதியிருக்கீங்க. பொய்யா எழுதிக் குடுத்தா, கையெழுத்துப் போட்டவங்க மேலதாம்மா நடவடிக்கை வரும்."

முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என்ஜின் சத்தம் நின்றது. இவர் இறங்கி வந்தார்.

"அவளை ஒண்ணும் சொல்லாதீங்க சார். வண்டி நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் வலிப்பு வருது."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் இதுவரை சொன்னதில்லை. டாக்டரிடம்கூட 'மயக்கம்' என்றுதான் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் காகிதத்தைத் திருப்பி நீட்டி, "அப்ப காரணத்தை மாத்தி எழுதிக் குடுத்துடுங்க" என்றார். இவரே எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். அவர்கள் போனதும் உள்ளே போய் அழுதேன். பயம் போன அழுகையா, அவரைத் தலைகுனிய வைத்துவிட்ட அழுகையா, தெரியவில்லை.

ஜூலை 9
டாக்டரைப் பார்க்கத் தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போனோம். பாபநாசத்தில் ஏறியதிலிருந்து இவருக்கு டிரைவர் மேல்தான் கண். ஒவ்வொரு திருப்பத்திலும் இவர் வலது கால் தரையை அழுத்தியது, பிரேக் என்று நினைத்து. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்ல மச்சான். டிரைவர் பாத்துப்பாரு."

அய்யம்பேட்டை தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். நிஜமாகவே கண் அசந்த தூக்கம்.