காது குத்துக்குப் போன ஜீப்பின் மட்கார்டு ரப்பர்

"ஏன் வாத்தியாரே, எவ்வளவு வெட்டட்டும்?" என்று கேட்டாய். நான் வாயெடுப்பதற்குள் வெட்டியும்விட்டாய். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராத மாணவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் பிற்பாடு திருந்தினார்கள்.

இன்று காலை எதிர்வீட்டுக்காரர் தம் ஜீப்பின் மட்கார்டு விளிம்பில் பொருத்திய ரப்பரை வாசலில் வைத்துச் சுடுகத்தியால் அறுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கருகல் வாடை சன்னல் வழியாக வந்ததும், பங்காளி, உன் மேல் இருந்த பழைய கோபம் அப்படியே வந்துவிட்டது. நீ போய்ச் சேர்ந்த பிறகும் ஆறாத கோபம்.

எண்பதுகளின் தொடக்கம். ஏலத்தில் எடுத்த ஜீப்பைச் சேற்று வயலில் இறக்க வேண்டுமென்று அகலமான டயர் மாட்டினாய். அது மட்கார்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, போகிற வழியெல்லாம் சேற்றை வாரி இறைத்தது. சங்ககிரி லாரிப் பட்டறையிலிருந்து தடித்த ரப்பர் பட்டை வாங்கி வந்து, விளிம்பில் நீயே போல்ட் போட்டு முடுக்கினாய். இப்போது ரப்பர் டயரில் உரசியது.

குமாரபாளையத்திலிருந்து அழைக்க வந்த உன் தங்கை வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "ஏனுங்க மச்சான், வண்டிக்கு மீசை வெச்சுட்டீங்களா? இதுல சீர் வந்து சேருமுங்களா? பேசாம பஸ்ஸுல வந்துருங்க" என்றார்.

அவர் மகளுக்குக் காது குத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். நீ பிந்தினால் நல்ல நேரம் தப்பும்; சபையில் தலைகுனியப் போவது உன் தங்கை. அது தெரிந்தும், அவர் சொன்ன ஒரு சொல்லுக்காகச் சீர் ஜீப்பில்தான் போகும் என்று அடம்பிடித்தாய்.

விசேஷத்துக்கு முதல் நாள் கத்தியை அடுப்பில் பழுக்கக் காய்ச்சி, உன் வாசலில் ரப்பரை அறுத்தாய். சோறாக்குகிற அடுப்பு நாறுகிறதென்று உன் மனைவி திட்டியது தெருவுக்கே கேட்டது. இடது பக்கம் அறுத்தாய். தள்ளி நின்று பார்த்தாய். வலது பக்கம் நீளமாகத் தெரிந்தது. அதை அறுத்ததும் இடது நீளமாகிவிட்டது. கிருதாவைச் சமன் செய்யப்போய்க் காதுக்கு மேலே ஏற்றிவிடுவார்களே, அந்த மாதிரி.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். வெறும் வண்டி நிற்கும் உயரம் வேறு, பாரம் ஏறினால் அமுங்கும் உயரம் வேறு. புதுச் செருப்பைக் கையில் வைத்துப் பார்த்தால் கடிக்குமா என்று தெரியாது, போட்டு நடந்தால்தான் தெரியும் என்று உதாரணமும் சொன்னேன். சீர்ச் சாமானை ஏற்றி, ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்துவிட்டு அறுக்கச் சொன்னேன்.

"சீரு நல்ல நேரத்துலதான் ஊட்டை உட்டு வெளிய வரோணும். இன்னைக்கே ஏத்தி எறக்குனா நல்லாருக்குமா?"

சரி, தவிட்டு மூட்டைகளையாவது ஏற்றிப் பார் என்றேன்.

"சீரு போற வண்டியில மொதல்ல தவுட்டையா ஏத்துவாங்க? வாத்தியாரு பேசற பேச்சா இது?"

நான் வீட்டுக்கு நடையைக் கட்டினேன்.

மறுநாள் அரிசி மூட்டை, தேங்காய், பழத்தட்டு, பெண்கள், என்னோடு சில ஆண்கள் என்று வண்டி நிறைந்தது. நெடுஞ்சாலையில் நேராகப் போனவரை என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தாய். தங்கை வீட்டுத் தெருவுக்குள் ஒடித்துத் திருப்பினாய். ரப்பர் டயரைக் கவ்வியது. ஒரே புகை. வண்டி நகரவில்லை. கத்தியோ உன் வீட்டு அடுப்படியில். நல்ல நேரம் முடியும் தறுவாய்.

மண்டியிட்டு ரப்பரைக் கையாலேயே பிடுங்கப் பார்த்தாய். வேட்டியெல்லாம் கரி. பிறகு எல்லாரையும் இறங்கச் சொன்னாய். மூட்டைகள் ஆண்களின் தோளுக்கும் தட்டுகள் பெண்களின் கைக்கும் போயின. நீ முன்னால் நடந்தாய். சீரைக் கண்டதும் மேளக்காரர்கள் எதிர்கொண்டு வந்து வாசித்தார்கள். தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள்.

"வண்டி எங்கீங்க மச்சான்?" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"தாய்மாமன் சீரை வண்டியிலயா கொண்டாந்து எறக்குவாங்க? நடந்து வாரதுதானுங்க மொறை" என்றாய், முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல்.

சபை உன்னைப் புகழ்ந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உன் தங்கை மட்டும் வேட்டியைப் பார்த்தாள். குழந்தையைத் தூக்கி, அந்தக் கரியின் மேலேயே உட்கார வைத்தாள். ஊசி இறங்கியதும் குழந்தை அழுதது. நீயும் அழுதாய்.

ஊர் திரும்பித் திருந்தினாயா? வெறும் வண்டியை நிறுத்தி மறுபடி வெட்டினாய். ஒரு மாதத்தில் போல்ட் துளைகள்தாம் மிச்சம்.

உன் பெயரைச் சொல்லாமல் இதை வகுப்பில் பலமுறை உதாரணமாகச் சொன்னேன். பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் உன் பக்கமே சேர்ந்துகொண்டார்கள். நம் வாக்குவாதம் முடியாமல் என்னிடமே கிடக்கிறது. எதிர்த்துப் பேச நீ இல்லை என்பதுதான் இப்போது எல்லாவற்றையும்விட எரிச்சல்.

நீ கேட்கவில்லை, படிக்கிறவர்களாவது கேட்கட்டும். ரப்பரில் கத்தி வைக்குமுன் வண்டியில் பாரத்தை ஏற்றுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, உரசுகிற இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள்.