ஒன்பது ஜோடி

அக். 4, சனி

காலையில் லேசான மூட்டம். தொண்டை கரகரப்பு. பால் இரண்டு பாக்கெட், கேஸ் புக் பண்ண வேண்டும், தாணுவுக்கு போன்.

சிநேகிதன் தாணு ரிட்டயராகி தில்லியை விட்டு நாகர்கோவில் போனதோடு ஞாயிற்றுக்கிழமை இருபத்தெட்டுச் சீட்டாட்டம் படுத்துவிட்டது. அதற்கு நாலு பேர் வேண்டும். இங்கே நான், பெண்டாட்டி பகவதி, நித்யா. மூன்று பேரை வைத்துக்கொண்டு என்ன ஆடுவது? அதுவும் மகளோடு பேச்சே இல்லாத வீட்டில்.

கரணைத்தான் கட்டிக்கொள்வேன் என்று நித்யா சொன்னதிலிருந்து நான் வாய் திறக்கவில்லை. பையன் கெட்டவன் என்று யார் சொன்னது? பஞ்சாபி. என் வீட்டில் வந்து உட்கார்ந்தால் என்னத்தைப் பேசுவான், எதற்குச் சிரிப்பான்? என் பயம் அவ்வளவுதான். அதைச் சொல்லத் தெரியாமல் முறைத்துக்கொண்டு திரிகிறேன்.

இன்று சாப்பாட்டு மேசையில் சீட்டுக்கட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை அவன் வீட்டில் போக்கர் டோர்னமென்ட்டாம். குடும்ப வழக்கம். நம் மூவருக்கும் அழைப்பு.

"வர்றீங்களோ இல்லையோ, கத்துக்கோங்கப்பா. கம் சே கம் அதுக்காவது என்கிட்ட பேசித்தானே ஆகணும்?"

முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எத்தன சீட்டு போடணும்?" என்று வந்தது.

அக். 8, புதன்

கேஸ் வந்தது. தொண்டை பரவாயில்லை.

பகவதியின் தையல் டப்பாப் பொத்தான்கள்தான் சிப்ஸ். ஆளுக்கு இரண்டு சீட்டு, மூடி. நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொது. பொத்தான் தீர்ந்தால் எழுந்து போக வேண்டியதுதான்.

என் கோளாறு வேறு. இருபத்தெட்டில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. ராஜாவும் ராணியும் சும்மா. நாற்பது வருஷப் பழக்கம், கையில் இரண்டு ஒன்பது வந்தால் மீசை துடிக்கிறது. நேற்று நித்யாவிடம் ராணி ஜோடி, என்னிடம் ஒன்பது ஜோடி. காட்டிய கையோடு பொத்தான்களை நானே வாரினேன். கையில் ஒரு அடி விழுந்தது.

"அப்பா! எட்டு, ஒம்பது, பத்து, ஜாக்கி. இந்த ஜோடிங்கதான் உங்களுக்கு டேஞ்சர். நல்ல சீட்டுதான், ஆனா அதைவிடப் பெருசு இருக்குல்ல?"

மறந்துபோகும், எழுதி வைக்கிறேன்:

– ஜோடி வந்தால் முதலிலேயே பந்தயத்தை ஏற்று. சும்மா உள்ளே போனால் நாலு பேர் கூடவே வருவார்கள். இந்த ஜோடிகளுக்குக் கூட்டம் ஆகாது.

– நடுவில் ஏஸோ ராஜாவோ விழுந்து, எதிராளியும் தைரியமாகத் தள்ளினால், விட்டுவிடு.

– மூன்றாவது ஒன்பது நடுவில் விழும் என்று வாயைப் பிளந்துகொண்டு இருக்காதே. எப்போதாவதுதான் விழும்.

– நீ ஏற்றி, அதற்கு மேல் இருவர் ஏற்றினால் ஜாக்கி ஜோடியையும் கீழே போடு. (முடியுமா? முடியாது.)

– பொத்தான் கரைந்துவிட்டால் யோசனை வேண்டாம். ஒன்பது ஜோடியோடு எல்லாவற்றையும் தள்ளு.

அக். 12, ஞாயிறு

சாயங்காலமானால் ஏழிலைப்பாலைப் பூ வாசனை, தலைவலி. ஷூ பாலிஷ் வாங்க வேண்டும்.

ஜாக்கி ஜோடியைக் கீழே போட்டேன்! நான் ஏற்ற, பகவதி மேலே ஏற்ற, நித்யா இருப்பதையெல்லாம் தள்ளினாள். ரொம்ப நேரம் ஜாக்கிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டேன். அவளிடம் இரண்டு ஏஸ்.

"நீ நல்லாத்தான் ஆடுதே மக்ளே," என்றேன்.

மக்ளே! எத்தனை நாளாயிற்று அப்படிக் கூப்பிட்டு. அவள் சீட்டைக் கலைக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். "இந்தச் சீட்டுக்கட்டுக்கு ஒரு கோயிலு கட்டணும்," என்றாள் பகவதி.

பிறகு நித்யா மெல்லக் கேட்டாள். "அப்பா, அன்னிக்கு கரண் உங்களுக்கு எதிரா வந்தா, கொஞ்சம் விட்டுக்குடுக்கச் சொல்லட்டா?"

"விட்டுக்குடுத்தாம்னா அந்த நிமிசமே எந்திரிச்சு வந்திருவேன், கேட்டியா. பெறவு இந்தப் பேச்சே கெடையாது."

முகம் வாடிவிட்டது. பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

அக். 19, ஞாயிறு

காலை. காபி ஆறுகிறது. நேற்று லாஜ்பத் நகரில் கரண் வீட்டுக்குப் போய் வந்ததை எழுதிவிட வேண்டும்.

எட்டுப் பேர், ஒரே மேசை. முதலில் எனக்கு எட்டு ஜோடி. ஏற்றினேன். நடுவில் ஏஸ் விழுந்தது, கரணின் சாச்சா, அதாவது சித்தப்பா, தள்ளினார், நான் விட்டுவிட்டேன். அவரிடம் இன்னொரு ஏஸ் இருந்தது. பெருமையாக இருந்தது. பகவதி பார்க்கவில்லை, சமோசா தின்றுகொண்டிருந்தாள்.

கட்டாயமாக வைக்க வேண்டிய சிப்ஸ் ஏறிக்கொண்டே போயிற்று. நித்யா வெளியே. கடைசியில் நாலு பேர். என்னிடம் கொஞ்சம்தான் மிச்சம். அப்போது வந்தது ஒன்பது ஜோடி. எல்லாவற்றையும் தள்ளினேன்.

கரண் தன் சீட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நித்யா கூரையைப் பார்த்தாள்.

"கால்," என்று என் பந்தயத்துக்கு ஈடாகச் சிப்ஸ் வைத்தான்.

அவனிடம் இரண்டு ராஜா. நடுவில் விழுந்த ஐந்தும் இருவருக்குமே உதவவில்லை. ராஜாவுக்கு எதிராக என் ஒன்பது. அடித்தேன் பார் என்று இரண்டு கையாலும் சிப்ஸை வாரிக்கொண்டேன்.

"அரே அங்கிள்ஜி, யே க்யா!" இதென்ன என்று சாச்சா வெடித்துச் சிரித்தார். மேசையே சிரித்தது. காது சுட்டது. படித்ததெல்லாம் போயிற்று, மகளுக்கும் அவமானம். எழுந்துவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன்.

கரண் சிரிக்கவில்லை. தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தான். "அங்கிள், இருபத்தெட்டுல, நீங்க ஜெயிச்சீங்க. இதுல, நான்."

பிறகு சாச்சா பக்கம் திரும்பி இந்தியில் விளக்கம். இவர்கள் ஆட்டத்தில் ஜாக்கிக்கு மூன்று, ஒன்பதுக்கு இரண்டு, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ராஜாவுக்கு ஒன்றும் கிடையாது என்று விரல் விட்டு எண்ணினான். நான் நித்யாவைப் பார்த்தேன். இங்கே எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்துவிட்டு, அங்கே அவனுக்கு இருபத்தெட்டு சொல்லிக்கொடுத்திருக்கிறாள், கள்ளி.

அதோடு என் முன்னால் இருந்த சிப்ஸ் மொத்தத்தையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒன்றைக்கூட விடவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

ஆட்டோவில் யாரையும் பார்க்காமல் சொன்னேன். "ஞாயித்துக்கெழம ஆட்டத்துக்கு நாலு பேரு வேணும்லா."

முடிப்பதற்குள் நித்யா போனை எடுத்துவிட்டாள்.

அக். 26, ஞாயிறு

வெளியே ஒரே புகை. ஜன்னல்கள் சாத்தியே. தீபாவளி முந்திரிக்கொத்து மிச்சம் இருந்தது, கரண் வந்து தீர்த்தான்.

தாணுவின் நாற்காலியில் உட்காரவைத்தேன். எனக்கு எதிரே, என் ஜோடியாக. பேச்சு அதிகம் இல்லை, ஆனால் உறுத்தவும் இல்லை. மூன்றாவது சுற்றில் பகவதி ஒன்பது போட்டாள். அவன் ராஜாவைப் படீரென்று அடித்து, இரண்டு கையாலும் சீட்டுகளை வாரிக்கொண்டான்.

நித்யா உதட்டைக் கடித்தாள். நான் சிரிக்கவில்லை.

"மருமவனே, ராஜா இல்ல. ஒம்பதுதான் பெருசு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே தெரிந்தது. நித்யா சீட்டுகளால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"மருமவனே மத்லப்?" கரண் அவளிடம் அர்த்தம் கேட்டான்.

பகவதி அவன் கையிலிருந்த சீட்டுகளைத் தன் பக்கம் இழுத்தாள். "ஆட்டத்தப் பாருங்க," என்றாள்.