மரித்தவர் உறையில் செனட்டரின் பெயர்

அப்பா, கழுகு முத்திரை போட்ட அந்தத் தடித்த உறை மறுபடியும் நாம் புலம்பெயர்ந்து வந்த இந்தக் கிளென் ஈடன் வீட்டுக்கு வந்திருக்கிறது, உங்கள் பெயருக்கு. பிரிக்கவே பயமாக இருந்தது. அமெரிக்க செனட்டர் ஓய்வு பெறுகிறாராம். அண்ணாவைத் தேடும் கோப்பை மூடுவதா, அடுத்து வருபவரிடம் ஒப்படைப்பதா என்று கேட்கிறார்கள்.

யுத்தத்தில் அண்ணா காணாமல் போனபிறகு உங்களுக்கிருந்த ஒரே பிடி அந்த மனிதர்தான். அமெரிக்காவிலுள்ள மாமி அவருடைய மாநிலத்து வாக்காளர் என்பதால் எங்கள் கடிதம் அவர் மேசைவரை போனது. சின்ன ஊர் வக்கீலாக இருந்து செனட்டுக்குப் போனவர், தலை நரைத்து ஊன்றுகோல் பிடிக்கும்வரை வெளியுறவுக் குழுவில் இருந்தவர் என்று அவருடைய சரித்திரம் முழுக்க உங்களுக்கு மனப்பாடம். இரண்டு தரம் கொழும்புக்கு எழுதினார். இரண்டு தரமும் 'தகவல் இல்லை' என்றே பதில்.

"தகவல் இல்லையெண்டுதானே சொல்லுறாங்கள். ஆள் இல்லையெண்டு சொல்லேல்லையே," என்றீர்கள்.

ஆறு வருடத்துக்கு ஒருமுறை அவருக்குத் தேர்தல் வந்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. "இந்தாள் தோத்தால் உன்ர அண்ணாவை ஆர் பிள்ளை தேடுறது?" அப்படியொரு தேர்தலுக்குத்தான் பூசையில் வாசித்துச் செபிக்க அவர் பெயரைக் கொடுக்கச் சொன்னீர்கள். கோயில் வாசலில் கிடந்த உறையில் எழுதிப் போட்டேன். நவம்பர், கத்தோலிக்கர் மரித்தவர்களுக்காகச் செபிக்கும் மாதம்; அது மரித்தவர் பெயரை எழுதும் உறை என்று நான் பார்க்கவில்லை.

தமிழ்ப் பூசையில் மரித்த ஆன்மாக்களின் வரிசையில் அவர் பெயரை வாசித்ததும், நீங்கள் எழுந்து நின்று, "ஃபாதர், அவர் சாகேல்லை!" என்று கத்தினீர்கள். ஆட்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் மாமிக்கு ஃபோன்: "மனுசன் உயிரோடை இருக்கிறாரோ எண்டு டிவியைப் போட்டுப் பார்!"

அவர் வென்றார். ஆனால் அன்றிலிருந்து நவம்பர் உறையை நீங்கள் என் கையில் தரவே இல்லை. அண்ணாவின் பெயரை அதில் ஒருநாளும் எழுதவுமில்லை.

இப்போது இந்த வருடத்து மரித்தவர் உறையும் மேசையில் இருக்கிறது. முதல் வரியில் உங்கள் பெயர். இரண்டாவது வரியில் பேனாவை வைத்தேன், எடுத்தேன். எழுதினால் அண்ணாவை நானே கொன்றதாகிவிடுமோ? எழுதாவிட்டால், செபிக்க ஆளில்லாத ஆன்மாவாக எங்கேயாவது அலைகிறாரோ? பயமாயிருக்கு அப்பா. இந்தப் பயத்தோடு இத்தனை வருடம் எப்படித்தான் சாப்பிட்டு, வேலைக்குப் போய், தூங்கி எழும்பினீர்களோ!

இரண்டாவது வரியை வெறுமையாக விட்டு உறையை ஒட்டினேன். பிறகு அமெரிக்கப் படிவத்தை இழுத்து வைத்து, 'ஒப்படைக்கவும்' என்பதில் அடையாளமிட்டேன். புதியவர் இளவயதாம். "நல்ல சுகதேகி, பயப்படாதை," என்றார் மாமி.

காணாமல் போனவருக்கு என்ன உறவு என்று கேட்கும் இடத்தில் இத்தனை காலமும் 'தகப்பன்' என்று எழுதி வந்தோம். 'தங்கை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.