மைக்செட்டுக் குழி

இன்று காலை திரைத்துணியை எடுத்து உதறினேன். புளி வாசனை வந்தது. மலைப்பள்ளிக்கூடத்தில் காற்றுக்கு ஆடிய துணியை அடக்க, அதன் அடியோரத்தில் புளிப் பொட்டலங்களைக் கட்டித் தொங்கவிட்டாயே, அந்தக் கறை. மூன்று முறை துவைத்தும் போகவில்லை. நீ போய் எட்டு மாதமாகிறது. இந்தத் துணிகூட இன்னும் உன் கட்சியில்தான் இருக்கிறது.

சொல்லிவிடுகிறேன். எனக்கு உன்மேல் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் அந்த ஓடையோடு இரண்டு வருஷம் அலைந்து படமெடுத்தவன் நான். கணியம்பாடியில் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவனுக்கு அதுதான் முதல் சொந்தப் படம். ஊர் ஊராகப் போட்டுக் காட்டினால் சனங்கள் ஓடையைக் காப்பாற்ற எழுந்து வருவார்கள் என்று நம்பினேன். நீ சந்தவாசலில் மைக்செட் கடை வைத்திருந்தாய். புரொஜெக்டரையும் ஸ்பீக்கரையும் கொண்டுவந்து மாட்டுவது மட்டும்தான் உன் வேலை.

முதல் திரையிடல் ஒரு மதியம். ஜன்னல்களில் கம்பளியைத் தொங்கவிட்டு வகுப்பறையை இருட்டாக்கினோம். ஆறு நம் தாய் என்று திரையில் என் குரல் உருகிக்கொண்டிருந்தது. சனங்கள் பிரசங்கம் கேட்பதுபோல மரியாதையாக உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று படம் நின்றது. கரண்ட் போய்விட்டதோ என்று திரும்பினேன். உன் விரல் பட்டன்மேல் இருந்தது.

திரையில் ஒருவர் பாறைமேல் குந்தி, பூச்சிமருந்தடிக்கும் டேங்கை ஓடையில் கழுவிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கீழே, ஓரமாக, ஒரு மாடு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. வெயில் அழகாக விழுந்திருக்கிறது என்பதற்காக நான் வைத்திருந்த காட்சி அது. நீ மைக்கை எடுத்து, திருவிழாவில் காணாமல்போன குழந்தையை அறிவிக்கும் அதே குரலில் கேட்டாய்.

"இது யாரு வூட்டு மாடுங்க?"

பின்வரிசையில் ஒரு அம்மா எழுந்து, தன்னுடையதுதான் என்றார். அந்த மாடு சினையாக இருக்கும்போதே செத்துப்போனதாம். டேங்கைக் கழுவியவர் அவருடைய கொழுந்தன். அவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தலையைக் குனிந்தவர் நிமிரவே இல்லை.

அதற்குப் பிறகு என் படத்தை யாரும் பார்க்கவில்லை. சாயங்காலம்வரை பேசினார்கள். மறுவாரமே ஓடையை விட்டுத் தள்ளி ஒரு குழி வெட்டினார்கள். இனி டேங்குகளை அங்கேதான் கழுவ வேண்டும் என்று ஊரே முடிவு செய்தது. முதல் மண்வெட்டி போட்டவர் அந்தக் கொழுந்தன்தான். அதற்கு மைக்செட்டுக் குழி என்று பெயரும் வைத்துவிட்டார்கள். என் படத்தின் பெயர் அங்கே ஒருவருக்கும் தெரியாது.

அந்தக் காட்சியை எத்தனை தடவை வெட்டி ஒட்டியிருப்பேன். டேங்கையும் பார்த்தேன், மாட்டையும் பார்த்தேன், இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. நீ ஒரே பார்வையில் பார்த்துவிட்டாய். குழியின் பெயரைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இதைத்தான் பொறுக்க முடியவில்லை.

அடுத்து படவேடு ஊரில் படத்தைப் போட்டபோது உனக்குச் சொல்லாமல் வேறொருவரைக் கூப்பிட்டுக்கொண்டேன். படம் தடங்கலில்லாமல் ஓடியது. கை தட்டினார்கள், செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். வாசலில் நீ நின்றிருந்தாய். சண்டை போடுவாய் என்று நினைத்தேன். போட்டிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும்.

"படம் நல்லாத்தான் கீதுப்பா. அவுங்கள கொஞ்சம் பேச வுட்ருக்கலாம்" என்றாய்.

டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனாய். நீ சொன்னது சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. அடுத்த மழைக்குள் மாரடைப்பு உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்று மதியம் மலையில், குழி வெட்டிய ஊருக்குப் பக்கத்து ஊரில் திரையிட்டேன். அந்த இடம் வந்ததும் நானே நிறுத்தினேன். இதில் என்ன தெரிகிறது என்று கேட்டேன். முதலில் ஒருவர் ஆரம்பித்தார், அப்புறம் எல்லோரும். துணியைச் சுருட்டும்போது, மாட்டைப் பறிகொடுத்த அந்த அம்மா வந்தார். படம் பார்க்கவே தன் ஊரிலிருந்து நடந்து வந்திருந்தார்.

"நல்லாத்தான் கேட்டீங்க. ஆனா அவரு கேட்ட மாதிரி வராதுங்க."

சுருக்கென்றது. "ஆமாங்க, வராது" என்றேன். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதை அவரிடம் சொன்னேன்.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். துணியை மடித்து வைத்துவிட்டேன். அந்தக் கறையை இனித் துவைப்பதாக இல்லை.