எங்கிருந்தும் திறக்கும் அளவு நோட்டு

அன்பு மகனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் உன் தங்கையும் நலம், என் வலதுகை ஆட்காட்டி விரலைத் தவிர. போன வாரம் காலர் தைக்கும்போது மெஷின் ஊசி நகத்தோடு இறங்கிவிட்டது, கட்டுப் போட்டாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல உன் தங்கை எழுதுகிறாள். போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. காகிதம் என்றால் அப்புறம் கூப்பிடறேம்மா என்று நடுவில் வைக்க முடியாது, கடைசி வரை கேட்டுத்தான் ஆகவேண்டும்.

லீவுக்கு வந்தபோது நீ எனக்குச் செய்துவிட்டுப் போன உபகாரத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். என் பதினாறு அளவு நோட்டையும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றினாய். இனிமே நீ பஸ்ஸில் இருந்தாலும் பார்க்கலாம், கடைத்தெருவில் இருந்தாலும் பார்க்கலாம் என்றாய். நான் எங்கேயப்பா இருக்கிறேன்? பதினெட்டு வருஷமாகத் தையல் மெஷினுக்கும் இஸ்திரி மேசைக்கும் நடுவில்தானே இருக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து யாருடைய தோளளவைப் பார்த்து நான் என்ன செய்ய? வெட்டுமேசைக்கு அடியில், கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்த நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டாய். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைப் பற்றிக் கேட்டிருக்கிறேன், வெண்ணெயை எடைக்குப் போட்ட புத்திசாலியைப் பெற்றவள் நான்தான்.

இப்போது உன் இணையத்தில் ஒரு படமும் இல்லை. பதினோரு நாளாகத் திறந்தால் வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு காலிப் பெட்டி. நெட் சரியில்லைம்மா, வந்துடும் என்கிறாள் உன் தங்கை. நெட் என்ன விருந்தாளியா, வழி தெரியாமல் தெருமுனையில் நிற்க? மருத்துவமனை நர்ஸுகள் இருபது பேருக்கு மாதக் கடைசியில் சீருடை கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் ரெடிமேட் வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். பாதிப் பேர் ராத்திரி டியூட்டி, மறுபடி அளவுக்கு வாருங்கள் என்றால் எவர் வருவார்? தலைமை நர்ஸம்மாவுக்குக் கண்ணளவில் வெட்டினேன். போட்டுப் பார்த்துவிட்டு, கையே தூக்க முடியலையே, இனி நோயாளிதான் எனக்கு ஊசி போடணும் போல என்றார். என் நோட்டில் அவருக்கு நேரே என்ன எழுதியிருந்தது தெரியுமா? வலது தோள் ஒரு விரல் இறக்கம், அக்குளைத் தளர விடு, வேண்டாம் என்பார், ஆனாலும் விடு. பெருமூச்சு வாத்தியாருக்கு, நாடாவைக் கண்டதும் வயிற்றை உள்ளே இழுப்பார், சொன்ன அளவுக்கு மேல் இரண்டு விரல் கூட்டு. இதையெல்லாம் நான் தலைக்குள் ஏற்றி வைக்கவில்லை, நோட்டை நம்பினேன்.

திங்கட்கிழமை நீயாகவே கூப்பிட்டாய். அதிசயமாக இருக்கிறதே என்று எடுத்தால், யாரோ நம் கணக்கைத் திறக்கப் பார்க்கிறான், என் போனுக்கு மூன்று தடவை ரகசிய எண் வந்தது, கடவுச்சொல்லை மாற்றிப் பூட்டிவிட்டேன் என்கிறாய். ஊரார் இடுப்பளவைத் திருடி அந்தத் திருடன் என்ன செய்வான், ஊருக்கெல்லாம் சட்டை தைத்துப் போடுவானா? எங்கிருந்தும் திறக்கும் என்று பீற்றிக்கொண்ட பெட்டியை எவனோ தட்டினதும் எனக்கும் சேர்த்தல்லவா பூட்டிவிட்டாய். அதுவரை காலிப் பெட்டியாவது தெரிந்தது. உள்ளே படம் இருக்கிறதா பார் என்றதற்குச் சாயங்காலம் பார்க்கிறேன் என்றாய். உன் ஊரில் இன்னும் சாயங்காலம் ஆகவில்லை போலிருக்கிறது.

திருடனை நான் கண்டுபிடித்துவிட்டேன். பட்டன் துளைக்குக் காஜா எடுக்கவும் பட்டன் வைக்கவும் ஆறு வருஷமாக வருகிறாளே, நம் காஜா அக்கா, அவள்தான். நான் சாப்பிடப் போகும்போது என் போன் அவள் பக்கத்தில்தான் கிடக்கிறது. சனிக்கிழமையோடு நின்றுகொள் என்று சொல்லப்போகிறேன். இதை எழுதச் சொன்னால் உன் தங்கை கை வலிக்கிறது என்கிறாள். சரி, மீதியைக் காலையில் சொல்கிறேன். உறையை ஒட்டுவதற்கு முன் முழுவதையும் எனக்கு வாசித்துக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் என் திட்டில் பாதியை இவளே விழுங்கிவிடுவாள்.

அண்ணா, இனி எழுதுவது நான். அம்மா தூங்குகிறாள். வெட்டுமேசைக்கு அடியில், நோட்டுகள் இருந்த இடத்தில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். திருடன் நான்தான். அம்மா போனில் இடமில்லை, பரீட்சைப் பாடம் இறங்கவில்லை, அதுதான் இணையத்தில் இருக்கிறதே என்று நோட்டுப் படங்களைப் போனிலிருந்து அழித்தேன். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும் என்று நீ சொல்லவே இல்லை. பெருமை பேச மட்டும் உனக்கு அரைமணி நேரம் இருந்தது. அழித்தது அந்தக் கணக்கின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள் இருக்கும் என்று கம்ப்யூட்டர் டீச்சர் சொன்னார். அம்மா போனில் அது என் கண்ணில் படவில்லை, பள்ளிக் கம்ப்யூட்டரில் திறக்கப் பார்த்தேன், உன் போனுக்கு வரும் ரகசிய எண்ணைக் கேட்டது, பயத்தில் எண் அனுப்பு என்பதை மூன்று தடவை அழுத்திவிட்டேன். உனக்கு மெயில் போடலாமென்றால் அதுவும் அம்மா போனில்தான் தெரியும். இன்று காஜா அக்கா என் சீருடைக் கொக்கியைத் தைத்துக் கொடுத்துவிட்டு, என்ன புள்ள, மூஞ்சி சுருங்கிக் கிடக்கு, பரீட்சையா என்று கேட்டாள். ஆமாம் என்று பொய் சொன்னேன். அம்மா கேட்டு முடித்த பிறகு வேறு தாளில் எழுதிச் சொருகிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் கடிதம் உனக்கு வரப் பத்து நாள், சனிக்கிழமைக்கு இரண்டே நாள். அதனால் அம்மா சொன்ன வரிக்குக் கீழேயே எழுதிவிட்டேன். காலையில் இதையும் வாசிக்கவேண்டும்.

இனி மறுபடி அம்மா சொல்வது. இவள் வாசித்ததைக் கேட்டேன். இவளுக்கு முதுகில் இரண்டு விழுந்தது, இடது கையால்தான், வலிக்காது. உன் பங்கை நீ வரும்போது தருகிறேன். போனில் உன்னை எழுப்பி, அந்தக் குப்பைத்தொட்டியிலிருந்து படங்களை மீட்கச் சொல்லப்போகிறேன், அப்போது உனக்கு நடுச்சாமமாக இருந்தாலும் சரி. படங்கள் வந்ததும் பதினாறு புது நோட்டு, எழுதப்போவது இவள். காஜா அக்கா வழக்கம்போல வந்து, உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னாள். நான் நினைத்தது அவளுக்குத் தெரியாது. வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, எந்தக் குறையுமில்லாமல் இரு. ஒன்றை மட்டும் மறக்காதே. ஆறு வருஷம் பழகின கையை நான் சந்தேகப்பட்டது இந்தத் தாளில் மட்டும்தான் இருக்கிறது. படம் பிடித்து எங்கேயும் ஏற்றிவிடாதே. படித்ததும் கிழித்துப் போடு.

இடது கையால் கையெழுத்திடும்
உன் அம்மா